கருத்துப்போன பஜ்ஜி எண்ணெய் டீசலாக மாறுவது எப்படி? பயோடீசலை ‘வடித்தால்’ தரம் ஏன் உயர்கிறது?

காசிமேடு, ராயபுரம் பக்கம் சாயங்காலம் ஒரு ரவுண்டு போனால் மூக்கே வழி சொல்லும். வறுத்த மீன் கடை, பஜ்ஜி கடை, அத்தோ கடை என எல்லா இடத்திலும் சட்டியில் எண்ணெய் கொதித்துக்கொண்டே இருக்கும். கடை மூடும் நேரத்தில் அந்த எண்ணெய் கருத்து, கெட்டியாகி, ஓரத்தில் நுரை தட்டி நிற்கும். அதை என்ன செய்வார்கள்? சாக்கடையில் கொட்டலாம். மறுநாள் புது எண்ணெயோடு கலந்து மறுபடி சட்டியில் ஏற்றலாம். அல்லது கேனில் பிடித்து விற்கலாம்.

மூன்றாவது வழியில் போனால் அது பயோடீசல் ஆகும். லாரியிலும், ஜெனரேட்டரிலும், ரயில் என்ஜினிலும் எரியும். ஆனால் "சட்டி எண்ணெயில் ஏதோ கெமிக்கல் கலந்தால் டீசல் ரெடி" என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி அதைச் சுத்தம் பண்ணுவதில் இருக்கிறது. அங்கே கோட்டை விட்டால் ஃபில்டர் அடைக்கும், இன்ஜெக்டர் போகும், வண்டி பாதி வழியில் நிற்கும்.

அந்தச் சுத்தம் பண்ணும் வேலையில் கடைசிப் படி ‘காய்ச்சி வடித்தல்’. அது என்ன செய்கிறது, எதைச் செய்யாது? பார்க்கலாம்.

முதல்ல, சட்டி எண்ணெய்க்கு சட்டம் என்ன சொல்லுது?

எண்ணெயைத் திரும்பத் திரும்ப சூடாக்கும்போது அதில் ‘போலார் காம்பவுண்ட்ஸ்’ எனப்படும் சிதைவுப் பொருட்கள் சேரும். இது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ விதி. 2018 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் எண்ணெய் செலவாகும் உணவு நிறுவனங்கள், அந்த எண்ணெய் எங்கே போனது என்று பதிவேடு வைத்திருக்க வேண்டும். இது 2019 மார்ச் முதல்.

வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, அதை வாங்க ஆள் வேண்டும் இல்லையா? அதற்காக 2018 ஆகஸ்ட் 10-ம் தேதி, உலக உயிரி எரிபொருள் தினத்தில் தொடங்கப்பட்டதுதான் ‘ரூகோ’ திட்டம். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆலைக்குக் கொடுப்பது இதன் வேலை. அடுத்த ஆண்டு அதே நாளில், இந்த எண்ணெயிலிருந்து தயாராகும் பயோடீசலை 100 நகரங்களில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கும் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. முதல் ஆண்டுக்கு லிட்டருக்கு 51 ரூபாய் என விலையும் சொல்லப்பட்டது. 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கையின்படி, 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்பது இலக்கு.

பெரிய ஓட்டல்கள் கணக்கு காட்டிவிடும். ராயபுரத்தில் தினம் நாலு லிட்டர் எண்ணெய் வைத்துக் கடை நடத்தும் அக்காவுக்கு இந்தப் பதிவேடு விதி பொருந்தாது. அவர் வாசலுக்கு வந்து நல்ல விலை கொடுத்து வாங்கிப்போக ஆள் இருந்தால்தான் கருப்பு எண்ணெய் சட்டியை விட்டு வெளியே வரும்.

எண்ணெய் எப்படி டீசலாகுது?

சமையல் எண்ணெயை அப்படியே டீசல் என்ஜினில் ஊற்றினால் ஓடாதா? ஓடும். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டியே காட்டினார்கள். பிரச்சினை என்னவென்றால், தாவர எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டியானது. இன்றைய இன்ஜெக்டரின் மெல்லிய துளை வழியாக அது புகையாகச் சிதறாமல் துளித்துளியாக விழும். சரியாக எரியாமல் கரி படியும்.

அதனால் எண்ணெயை உடைக்கிறார்கள். எண்ணெயின் ஒரு மூலக்கூறு என்பது கிளிசரின் என்ற முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமில வால்கள் தொங்குவது மாதிரி. அதோடு மெத்தனால் சேர்த்து, சோடியம் அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற வினையூக்கி போட்டு, 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் கலக்கினால் வால்கள் மூன்றும் கழன்று மெத்தனாலோடு ஒட்டிக்கொள்ளும். அதுதான் மெத்தில் எஸ்டர், அதாவது பயோடீசல். கழன்ற கிளிசரின் கனமானது, அடியில் தங்கிவிடும். தோராயக் கணக்கு: 100 கிலோ எண்ணெய், 10 கிலோ மெத்தனால் போட்டால், 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும்.

புது எண்ணெயில் இது சுலபம். சட்டி எண்ணெயில் அப்படி இல்லை. பலமுறை கொதித்ததால் சில வால்கள் ஏற்கெனவே கழன்று தனி அமிலமாகத் திரியும். அதோடு வினையூக்கி சேர்ந்தால் சோப்புதான் வரும். எனவே முதலில் அமிலம் போட்டு அதைச் சரிக்கட்டி, பிறகுதான் மேலே சொன்ன வேலை. தண்ணீர், உப்பு, மசாலாத் தூள், கருகிய மாவு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட கெட்டிப் பொருட்கள் எல்லாம் இலவச இணைப்பு.

தண்ணியில கழுவினா போதாதா?

வழக்கமான முறை அதுதான். கிளிசரினை வடிகட்டிய பிறகு பயோடீசலை வெந்நீரில் கழுவுவார்கள். சோப்பு, மீதமான வினையூக்கி, மெத்தனால், கொஞ்சநஞ்ச கிளிசரின் எல்லாம் தண்ணீரோடு போய்விடும். பிறகு காய வைத்தால் பயோடீசல் தயார். நல்ல எண்ணெயில் தொடங்கி, கவனமாகச் செய்தால் இதுவே தரத்தைத் தொட்டுவிடும்.

ஆனால் தண்ணீர், தண்ணீரில் கரைவதை மட்டும்தான் கொண்டுபோகும். துணியில் பட்ட கிரீஸ் கறையை வெறும் தண்ணீரில் அலசிப் பாருங்கள், புரியும். பாதி மட்டும் உடைந்த எண்ணெய் மூலக்கூறுகள் (ஒரு வால், இரண்டு வால் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பவை), நிறம் தரும் பொருட்கள், கருகிய கெட்டிப் பொருட்கள் ஆகியவை பயோடீசலிலேயே கரைந்து ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆலையில் சூடாக இருக்கும்போது தெளிவாகத்தான் தெரியும். டேங்கில் சில வாரம் நின்று ஆறிய பிறகு வழுவழுப்பாகப் பிரிந்து அடியில் உட்காரும். ஃபில்டரை அடைப்பது பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு விஷயம் வடசென்னைக்காரர்களுக்கு நெருக்கமானது. கழுவிய தண்ணீர் எங்கே போகும்? 100 லிட்டர் பயோடீசலைக் கழுவ 20 முதல் 120 லிட்டர் வரை கழிவுநீர் வரலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சோப்பும் மெத்தனாலும் கலந்த தண்ணீர் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது வலையும் படகும் எப்படிக் கருத்துப்போயின என்று பார்த்தவர்களிடம் ‘பசுமை எரிபொருள்’ என்று சொன்னால், முதல் கேள்வி கழிவுநீர் பற்றித்தான் வரும். வர வேண்டிய கேள்விதான்.

வடித்தல்: ஓம வாட்டரும் மணலி கோபுரமும்

காய்ச்சி வடித்தல் நமக்குப் புதிதல்ல. குழந்தைக்கு வயிறு உப்புசம் என்றால் கொடுக்கும் ஓம வாட்டர் வடித்து எடுத்ததுதான். சித்த மருத்துவத்தில் அதற்குப் பெயர் தீநீர். வடிக்கும் கருவிக்குப் பெயர் வாலை. ‘வாலை வடிநீர்’ என்று பள்ளி அறிவியல் புத்தகத்தில் படித்தோமே, அதே வாலை.

தத்துவம் ஒன்றுதான். கலவையைச் சூடாக்கு. எது சீக்கிரம் ஆவியாகிறதோ அது மேலே போகும். அதைக் குளிரவைத்துத் தனியாகப் பிடி. ஆவியாகாதது அடியிலேயே கிடக்கட்டும்.

பயோடீசலில் சேர்ந்திருப்பவற்றைக் கொதிநிலை வாரியாக வரிசையில் நிறுத்திப் பாருங்கள். மெத்தனால் சுமார் 65 டிகிரியில் ஆவியாகும். தண்ணீர் 100-ல். பயோடீசல் 330 முதல் 350 டிகிரி வாக்கில். பாதி உடைந்த எண்ணெய், உடையாத எண்ணெய், கருகிய கெட்டி எல்லாம் அதற்கும் மேலே. சோடியம், பொட்டாசியம் போன்ற உலோக மிச்சங்கள் ஆவியாகவே ஆகாது. ஆக, நடுவில் இருக்கும் பயோடீசலை மட்டும் உருவி எடுத்துவிடலாம்.

இங்கே ஒரு சிக்கல். 350 டிகிரிக்குச் சூடாக்கினால் பயோடீசலே சிதையத் தொடங்கிவிடும். பஜ்ஜி சட்டியில் நடந்த அதே கதை, இன்னும் மோசமாக.

தீர்வு, அழுத்தத்தைக் குறைப்பது. ஊட்டியில் சோறு வேக நேரமாகிறது என்பார்கள் அல்லவா? அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதையே இன்னும் பல படி தள்ளிக்கொண்டு போங்கள். நம் ஊர்க் காற்றழுத்தம் சுமார் 1,013 மில்லிபார். ஆலையில் வேக்குவம் பம்ப் வைத்து அதைச் சில மில்லிபாருக்கு இறக்கிவிடுகிறார்கள். அப்போது பயோடீசல் 200 டிகிரியைச் சுற்றியே ஆவியாகிவிடும், கருகாது.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. பெரிய அண்டாவில் மணிக்கணக்கில் கொதிக்க வைக்காமல், சூடான உலோகச் சுவரில் மெல்லிய படலமாக வழிய விடுவார்கள். தோசைக் கல்லில் மாவை மெல்லிசாக இழுக்கிற மாதிரி. சில நொடிகளில் ஆவி மேலே, கசடு கீழே. சூடு படும் நேரம் குறைந்தால் சேதமும் குறையும்.

திருவொற்றியூரிலிருந்து மேற்கே போனால் மணலியில் சி.பி.சி.எல் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் உருவாகி, 1969-ல் இயங்கத் தொடங்கிய ஆலை. கச்சா எண்ணெயைப் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எனப் பிரிப்பதும் வடித்தல்தான். சாதாரண அழுத்தத்தில் ஆவியாகாத அடிக் கசடை இப்படியே வெற்றிடக் கோபுரத்துக்கு அனுப்புவார்கள், காரணமும் இதுவேதான். எனவே வடசென்னைக்கு இந்தத் தொழில்நுட்பம் அரை நூற்றாண்டுக்கு மேல் பழக்கம்.

சரி, வடிச்ச பிறகு என்ன மாறுது?

முதலில் கண்ணுக்குத் தெரிவது நிறம். கருந்தேன் மாதிரி போனது வெளிர் மஞ்சளாக, சில நேரம் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி வரும். வறுவல் வாசனையும் பெரும்பாலும் போய்விடும். ஆனால் இது அழகு விஷயம். முக்கியமானது உள்ளே நடப்பது.

இந்தியாவில் பயோடீசலுக்கான தர நிர்ணயம் ஐ.எஸ். 15607. அதன்படி எஸ்டர் அளவு குறைந்தது 96.5 சதவீதம் இருக்க வேண்டும். தனியாகத் திரியும் கிளிசரின் 0.02 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாதி உடைந்த எண்ணெயில் ஒட்டியிருப்பதையும் சேர்த்த மொத்தக் கிளிசரின் 0.25 சதவீதத்துக்குள். தண்ணீர் ஒரு கிலோவுக்கு 500 மில்லிகிராமுக்குள். சட்டி எண்ணெயில் தொடங்கி, வெறும் கழுவலோடு இந்த எல்லைகளை ஒவ்வொரு முறையும் தொடுவது கஷ்டம். இன்று வந்த கேன் ஒரு மாதிரி, நாளை வரும் கேன் வேறு மாதிரி இருக்கும். வடித்தலின் பெரிய லாபமே இங்கேதான். உள்ளே வரும் எண்ணெய் எப்படி இருந்தாலும் வெளியே வருவது ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும்.

கந்தகமும் குறையும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான் இருக்கலாம். உணவுத் துணுக்குகளிலிருந்து எண்ணெய்க்கு வரும் கந்தகச் சேர்மங்களில் கனமானவை வடிக்கும்போது கசடோடு தங்கிவிடும். உலோக மிச்சங்களும் அப்படியே. இவை எரிந்தால் சாம்பலாகி, புது வண்டிகளின் சைலன்சர் பக்கம் இருக்கும் புகை வடிகட்டியை அடைக்கும். அது பழுதானால் செலவு சின்னதாக இருக்காது.

வடிச்சா எல்லாம் சரியாயிடுமா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் விளம்பரம் ஆகிவிடும்.

தனி அமிலங்களின் கொதிநிலை பயோடீசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவை கூடவே ஆவியாகி வந்துவிடும். அதனால் அமிலத்தை முன்கூட்டியே சரிசெய்யாத ஆலை, வடித்தும் அமிலம் கூடிய பயோடீசலைத்தான் எடுக்கும்.

குளிரில் உறைவதும் பெரிதாக மாறாது. பாமாயிலில் செய்த பயோடீசல் 15 டிகிரி வாக்கிலேயே மங்கத் தொடங்கும். அது அந்த எண்ணெயின் பிறவிக் குணம். சென்னையில் மார்கழியில்கூட இது பெரிய தலைவலி இல்லை. அதே லாரி ஜனவரியில் டெல்லி பக்கம் போனால் கதை வேறு.

எதிர்பாராத ஒன்று: வடித்த பயோடீசல் சீக்கிரம் கெட்டுப்போகலாம். தாவர எண்ணெயில் இயற்கையாக இருக்கும் டோகோஃபெரால், அதாவது வைட்டமின் ஈ, எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் காக்கும். வடிக்கும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். அதனால் வடித்த பிறகு ஆக்சிஜனேற்றத் தடுப்பான் தனியாகச் சேர்க்க வேண்டும். பளிச்சென்று இருக்கிறது என்பதற்காக மாதக்கணக்கில் டேங்கில் வைத்திருக்க முடியாது.

மைலேஜ் கூடுமா என்றால், அதுவும் கிடையாது. பயோடீசலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் டீசலைவிட சுமார் 8 சதவீதம் குறைவு. வடித்தாலும் வடிக்காவிட்டாலும் அது அப்படித்தான்.

செலவும் உண்டு. வெற்றிடம், சூடு, விலை கூடிய கருவி. கூடவே அடியில் தங்கும் ‘பிட்ச்’ என்ற தார் மாதிரியான கசடு. 100 கிலோவுக்குச் சில கிலோ முதல், மோசமான எண்ணெயாக இருந்தால் 10 கிலோவுக்கு மேலும் இப்படிப் போகலாம். இதைக் கொதிகலனில் எரிபொருளாகப் பயன்படுத்துவார்கள். கழிவுநீர் குறைந்தாலும் இந்தக் கசடுக்கும் கணக்கு வைக்க வேண்டியிருக்கும்.

தண்டையார்பேட்டையும் காக்கிநாடாவும்

பயோடீசல் பேச்சு வடசென்னைக்கு முன்பே வந்திருக்கிறது. 2012-13 ரயில்வே பட்ஜெட்டில் அப்போதைய அமைச்சர் தினேஷ் திரிவேதி, ராய்ப்பூரிலும் தண்டையார்பேட்டையிலும் இரண்டு பயோடீசல் ஆலைகள் தொடங்கப்படும் என்று அறிவித்தார். 2014-15 பட்ஜெட்டில் டீசல் என்ஜின்களின் எரிபொருளில் 5 சதவீதம் வரை பயோடீசல் பயன்படுத்துவோம் என்றது ரயில்வே. ஆனால் அதன் பிறகு ரயில் பாதைகள் வேகமாக மின்மயமாகின. டீசல் என்ஜின்களின் எண்ணிக்கையே சுருங்கியது. இன்று பயோடீசலுக்கான சந்தை தண்டவாளத்தில் இல்லை, சாலையில்தான்.

வடித்த பயோடீசலைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால், இதே வங்கக் கடற்கரையில் வடக்கே காக்கிநாடாவுக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் ஏமெடிஸ் நிறுவனத்தின் ஆலை அங்கே இருக்கிறது. ஆண்டுக்கு 5 கோடி கேலன், அதாவது சுமார் 19 கோடி லிட்டர் திறனோடு வடித்த பயோடீசலும் சுத்திகரித்த கிளிசரினும் தயாரிக்கும் ஆலை என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. துறைமுகம் பக்கத்தில் இருப்பதன் வசதி புரிகிறது. பாமாயில் சார்ந்த மூலப்பொருள் கப்பலில் வரும், பொருளும் கப்பலில் போகலாம்.

‘சீப்பா பயோடீசல் தர்றேன்’னு யாராவது வந்தால்?

லாரிக்காரர்களும் படகுக்காரர்களும் கவனிக்க வேண்டிய இடம் இது. பயோடீசல் என்ற பெயரில் கரைப்பான்களையும் தொழிற்சாலை எண்ணெய்களையும் கலந்து விற்பது பல மாநிலங்களில் பிடிபட்டிருக்கிறது. அது பயோடீசலே கிடையாது. வடித்ததா, கழுவியதா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

நிறத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள். வெளிர் மஞ்சளாக இருப்பதெல்லாம் வடித்தது அல்ல. டீசலில் கலப்பதற்கான பயோடீசல் விற்பனைக்கு 2019-ல் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி விற்பவருக்குப் பதிவு வேண்டும், பொருள் ஐ.எஸ். 15607 தரத்தில் இருக்க வேண்டும். அந்தத் தொகுதிக்கான பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். அதில் எஸ்டர், மொத்தக் கிளிசரின், தண்ணீர், அமில அளவு, ஆக்சிஜனேற்ற நிலைத்தன்மை ஆகிய ஐந்தையும் பாருங்கள்.

சிறிய ஆலைகளில் ஒரு எளிய சோதனை செய்வார்கள். 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசல் விட்டுக் குலுக்குவது. நல்ல பயோடீசல் முழுக்கக் கரைந்துவிடும், உடையாத எண்ணெய் இருந்தால் அடியில் துளியாக நிற்கும். மெத்தனால் விஷம், சீக்கிரம் தீப்பிடிக்கும். அதனால் இதைப் படகிலோ ஷெட்டிலோ செய்து பார்க்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பழைய டேங்கில் முதல்முறை பயோடீசல் கலவை ஊற்றினால், எவ்வளவு நல்ல பயோடீசலாக இருந்தாலும் ஃபில்டர் ஒருமுறை அடைக்கலாம். வருஷக்கணக்கில் டேங்க் சுவரில் படிந்த அழுக்கை அது கரைத்துக்கொண்டு வரும். அதற்காக மெக்கானிக் அண்ணனிடம் "பயோடீசல் வேஸ்ட்" என்று சண்டை போடாமல், ஃபில்டரை மாற்றிவிட்டு இரண்டாவது டேங்கும் ஓட்டிப் பாருங்கள். அதிலும் அடைத்தால், அப்போது சான்றைக் கையில் எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போகலாம்.